தண்ணீரைத் தராதே என்று கேட்டேன்

பிற்பகல் மூன்று இருபதுக்கு எங்கள் டிராக்டர் வாய்க்காலுக்குள் சரிந்தது. ஓட்டியவன் என் மூத்த மகன் அன்சார். அவனுடைய வலது கால் சக்கரத்தின் மட்காட்டின் கீழ் அகப்பட்டது. காய்ந்த வாய்க்காலின் தரையில் மல்லாந்து கிடந்தான்.

நான் ஆசிரியர். எங்கள் வயல் சவளக்கடையில் இருக்கிறது. டிராக்டர் வாங்கிய மாதத்திலிருந்தே அதன் ஸ்டியரிங் சரியில்லை. "திருப்பத்தில வீல் கிறுகுதில்ல வாப்பா" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். கொழும்புக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் நான்கு கடிதங்கள் எழுதினேன். முதற்கடிதத்திலேயே எழுதியிருந்த மெஷின் இலக்கத்தைத் திரும்பக் கேட்டார்கள். பழுது பார்க்கப் பிட்டர் வருவார் என்றார்கள்; வரவில்லை. கடைசியாக, மெஷினில் குறையில்லை, ஓட்டுபவருக்குப் பழக்கம் போதாது என்று டைப் அடித்து அனுப்பினார்கள்.

அந்தக் கடிதத்தை நம்பினேன். பெற்ற பிள்ளையின் சொல்லை நம்பவில்லை. அன்றும் அவன் ஏறத் தயங்கினான். "கம்பனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? ஏறு" என்றேன்.

நானும் வேலையாள் ஆதம்பாவாவும் தூக்கிப் பார்த்தோம். மெஷின் அசையவில்லை. அப்போது மகன்தான் மெதுவாகச் சொன்னான்:

"வாப்பா, நாலு மணிக்கு நம்மட தண்ணி முறையல்லவா?"

என் உயிர் போய்வந்தது. இரண்டு மைல் மேலே, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் வட்டவிதானை துருசின் மதகுக் கதவைத் திறப்பார். முழங்காலளவு தண்ணீர் வந்தாலே பிள்ளையின் முகம் மூழ்கிவிடும். மூன்று நாள் அவர் வீட்டுக்கு அலைந்து அந்த முறையைக் கேட்டு வாங்கியவன் நான். மணி நான்காகப் பத்து நிமிடம். கதவைத் திறக்க வேண்டாமென்று சொல்ல ஆதம்பாவாவை வரம்பு வழியே ஓடவிட்டு, மண்வெட்டியால் காலின் கீழ் தோண்டினேன். இறுகிய களி.

"இதையும் கம்பனிக்கு எழுதுங்க வாப்பா" என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

ஓதத் தெரிந்த எதுவும் என் நாவில் வரவில்லை. "யா அல்லாஹ், இந்தத் தண்ணீரைத் தராதே" என்று மட்டும் கேட்டேன். ஒரு வாரமாகத் தண்ணீருக்குத் துஆச் செய்த அதே வாயால் கேட்டேன்.

நான்கு மணி கடந்தது. நாலரையானது. வாய்க்கால் காய்ந்தே கிடந்தது.

மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து பிள்ளையை வெளியே எடுத்தோம். இன்று அவன் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். அல்ஹம்துலில்லாஹ், நடக்கிறான். அவன் பேசும்போது நான் இப்போது குறுக்கே பேசுவதில்லை. சகோதரர்களே, நெருக்கடியில் நல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வந்த வார்த்தையால் கேளுங்கள். அல்லாஹ் தராமல் விடுவதிலும் அவனுடைய அருள், ரஹ்மத், இருக்கிறது.

அன்று நாலரைக்கு, தோண்டிக்கொண்டிருந்த என்னிடம் முதலில் வந்தவர் வட்டவிதானை. தெருவால் சைக்கிளில் வந்ததால் ஆதம்பாவாவை அவர் காணவில்லை. நடந்தது எதுவும் தெரியாது. என் தலையை மட்டும் கண்டு, கரையில் நின்றே சொன்னார்:

"மாஸ்டர், கோவிக்காதீங்க. துருசுத் திருகு இறுகிப் போச்சு. மூணு பேர் தொங்கியும் கதவு அசையல்ல. நீர்ப்பாசன ஓவசியருக்கு ஆள் அனுப்பியிருக்கன். இண்டைக்கு உங்களுக்குத் தண்ணி இல்ல."