ஓரம் தட்டாத மட்டை

ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. உக்குவளையில் எங்கள் வீடு முழுக்கக் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடந்து மணக்கும், அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு அந்த வாடை என் கட்டிலுக்கு அடியிலிருந்து கிளம்பியதும், "என்னத்தக் கொண்டாந்து வச்சீக்கிற?" என்று உம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு தேடியதும் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்தது என் "பெட்". சவூதியில் இருந்த சாச்சா, கூட வேலை செய்த பாகிஸ்தான்காரரிடம் சொல்லி அவர் ஊரிலிருந்து எடுப்பித்த, கையால் செதுக்கிய வில்லோ மரக் கிரிக்கெட் மட்டை.

சாச்சா வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் பாகிஸ்தான்காரர் சொன்னதை ஓதிக் கொடுப்பதுபோல் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் லீவு முடிந்து விமானம் ஏறினார். "எண்ணெய இலேசாப் பூசு, குளிப்பாட்டாத. பொறகு பழைய போல் ஒண்ட மேஸுக்குள்ள போட்டு ஒரு மாசம் தட்டு. ஓரத்தையும் அடியையும் தட்டாம மெச்சுக்குக் கொண்டு போனா பொளந்துக்கும், சொல்லிட்டேன்."

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு; இலங்கையில் சிங்கள இளைஞர்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்திருக்க, அவர்களும் அவர்களை அடக்க வந்த படையும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன நேரம். யார் வீட்டுக் கதவு எப்போது தட்டப்படும், தட்டுவது யார் என்று தெரியாமல், வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாத்தளைப் பக்கமெங்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த காலம். நான் பின்முற்றத்தில் குந்திக்கொண்டு, மேஸ் என்கிற காலுறைக்குள் பழைய பந்தைப் போட்டு, டொக் டொக் என்று மட்டையைத் தட்டத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அந்த வீட்டு மெனிக்கே அம்மா வெளிறிப்போன முகத்தோடு வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார். அதைக் கண்ட உம்மா என் கையிலிருந்த மேஸைப் பிடுங்கிக்கொண்டார். "கதவத் தட்டுற மாதிரி ஈக்கு. அந்த மனிசிக்கு வளந்த மகன் ஈக்கான், ஒனக்கு வெளங்கலியா? இனித் தட்டினா பெட்ட அடுப்புல வெப்பேன்!"

நடுப்பக்கம் மட்டும்தான் அப்போது தட்டி முடிந்திருந்தது. தட்டாத குறையை எண்ணெயால் தீர்த்துவிடலாம் என்று என் மொட்டைப் புத்திக்குப் பட்டதால், சாச்சா சொன்னதற்கு நேர்மாறாக, சாப்பாட்டுக்கு உட்காருவதுபோல் மூன்று வேளையும் பூசினேன். மட்டை குடித்துக் குடித்துக் கனத்தது.

மெனிக்கே அம்மாவின் மகன் சமந்தவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. அவர் என்னை "மல்லி" என்பார், சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். நான் அவரை "அய்யே" என்பேன், அண்ணன் என்று. சும்மா சொல்லக்கூடாது, அவர் அடித்தால் பந்தைத் தேட வாய்க்காலுக்கு அப்பால்தான் போகவேண்டும். கொழும்புக் கம்பனி ஒன்று தன் அணிக்கு ஆள் எடுப்பதற்காக மாத்தளையில் ஓர் ஆட்டம் வைத்தது. தெரிவானால் வேலை, தங்க இடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரைவிட்டுப் போக ஒரு வழி. அந்தத் தாய் அதற்காக நேர்ந்துகொள்ளாத விகாரையில்லை.

ஆட்டத்துக்கு முதல்நாள் சமந்த மட்டையை இரவல் கேட்டு வந்தார். தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கே மல்லி, ஓரம், அடி எல்லாம் தட்டியாச்சா?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரிலேயே நல்ல பெட் என்னுடையது என்ற பவுசு விடவில்லை. "முழுக்கத் தட்டியாச்சு அய்யே" என்றேன். சீ, என்ன வாய் எனக்கு!

இரண்டாவது பந்து காலடியில் வந்து விழுந்தது. அவர் சரியாகத்தான் மட்டையை இறக்கினார். அடி பிளந்து ஒரு சிராய் தெறித்து ஓடியது. யாரோ கொடுத்த வேறொரு மட்டை அவர் கைக்கு அமையவில்லை. நான்கு ஓட்டத்தோடு பிடி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். கம்பனி அவரை எடுக்கவில்லை.

மறுநாள் மட்டை திரும்பி வந்தது. தச்சுப் பசை வைத்து, நூலை வரிவரியாக இறுக்கிச் சுற்றி, என்ன நேர்த்தி! "மன்னிச்சுக்க மல்லி, நான் கவனமா ஆடியிருக்கணும்" என்றார். நான் பெரிய மனிதன்போல், "பரவாயில்ல அய்யே" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவரைப் பலாபத்வலையில் பஸ்ஸிலிருந்து யாரோ இறக்கிக் கொண்டுபோனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. நல்ல மட்டை இருந்திருந்தாலும் அவர் அன்று ஆட்டமிழந்திருக்கலாம் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனம் கேட்கமாட்டேன் என்கிறது.

இப்போது மட்டைகளைக் கடையிலேயே இயந்திரத்தால் தட்டிக் கொடுக்கிறார்கள்; என் மகன் வாங்கிய அன்றைக்கே ஆடப்போய்விட்டான். நாங்கள் ஆடிய வெளியில் வீடுகள் வந்துவிட்டன. உம்மாவும் இல்லை. போன வருடம் உக்குவளைக்குப் போனபோது மெனிக்கே அம்மா கூனிப்போன உடம்போடு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, "புத்தே", மகனே, என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் பெட்ட ஒடச்சிட்டேன்னு அவன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான் புத்தே. நீ அவன மனசார மன்னிச்சிட்டியா?"

சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. ஐம்பதை நெருங்குகிற ஆள் நான்.

"அப்பவே மன்னிச்சிட்டேன் அம்மே" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.