கூரைக்குக் கீழே மூன்று தீர்வுகள்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் தாளை எட்டிப் பார்த்தாலே மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். அரியலூரிலிருந்து தினமும் பெரம்பலூர் போய், ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டே பகுதிநேர ஆராய்ச்சி செய்த காலம் அது; 2003 வாக்கில். அந்த வருடம் மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. ஆறு வருட உழைப்பு.

ஆராய்ச்சி, நேரியலற்ற நீள்வட்டச் சமன்பாடுகள் பற்றியது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரப்பர் சவ்வு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எழும்ப எழும்ப அதை இன்னும் பலமாக மேலே தள்ளும் ஒரு விசை. மேலே ஒரு கூரை. சவ்வு அதைத் தாண்டி எழும்பக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு வந்ததும் சமன்பாடு சமக்குறியை இழந்து, மாறுபாட்டுச் சமனின்மை ஆகிவிடுகிறது. சவ்வு எத்தனை விதமாக நிலைகொள்ளும் என்பதுதான் கேள்வி. கூரை எப்படி இருந்தாலும் குறைந்தது மூன்று என்று நிரூபித்திருந்தேன்: தட்டையாகக் கிடப்பது ஒன்று, கூரையில் முட்டி நிற்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவே இன்னொன்று.

முந்தின வருடம் துறைக் கருத்தரங்கில் இதைப் பேசினேன். மறுநாளே, லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் சக விரிவுரையாளர் என் நோட்டைக் கேட்டார்.

"ரெண்டு நாள்ல தந்துடறேன் மேடம்."

எதற்கு? அவரும் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தவர். ஏட்டைக் கொடுக்கும்வரை நிரூபணத்தைப் பிறர் கண்ணில் காட்டாமல் காப்பது எங்களுக்குள் வழக்கம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சம். முக்கியமான நான்கு பக்கங்களைச் சேர்த்துச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிக் கொடுத்தேன். நோட்டு திரும்பி வந்ததும் பின்களை எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. பிரித்துவிட்டு அதே ஓட்டையில் திரும்ப அடித்திருப்பாரோ என்று லென்ஸ் வைத்தும் பார்த்தேன்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்க, ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளும் பைண்டிங் ஆகி வந்த அன்று, ஸ்டாஃப் ரூமில் அவர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். இனிமேல் திருட முடியாது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டார்.

"கூரை ரொம்பத் தாழ்வா இருந்துச்சுன்னா மேடம்? சவ்வு அவ்ளோ உசரம் எழும்பாதே."

எனக்குச் சுருக்கென்றது. கூரையே இல்லாத சமன்பாட்டில் எல்லோரும் செய்வதை நான் அப்படியே எடுத்து எழுதியிருந்தேன்: மற்ற இரண்டு நிலைகளையும் பிடிக்க, சவ்வை வேண்டிய மட்டும் உயர்த்தி, ஆற்றல் மேட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்குவது. கூரையைப் போட்டவளும் நான்தான், அது தடுக்கும் என்பதை மறந்தவளும் நான்தான். திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை தாழ்ந்திருந்தால் ஒரே தீர்வு; தட்டையாகக் கிடப்பது மட்டும்.

மறுநாள் அவரிடம் சிடுசிடுத்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"செமினார்லயே சந்தேகம் வந்துச்சு மேடம். அதப் பாக்கத்தான் நோட்டைக் கேட்டேன். நீங்க பின் அடிச்சுக் குடுத்தீங்க. பாக்க வேணாம்னு நெனக்கிறீங்கன்னு பிரிக்கல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏட்டை நான் கொடுக்கவில்லை, பதிவு காலாவதியானது. மறுபடி பதிந்து, கூரை எவ்வளவு உயரம் இருந்தால் மூன்று தீர்வுகள் கிடைக்கும் என்று புதிதாக எழுதத் தொடங்கினேன். எழுதிய ஒவ்வொரு பக்கமும் முதலில் அவரிடம்தான் போனது. முதல் பக்கத்தை நீட்டியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் நீட்டினேன்.