ஏகாதசியன்று கலைந்த மௌனம்

அலைமேல் அறிதுயில் கொண்ட பெருமானே, உன் திருவடிகளே காப்பு.

அன்று வைகுண்ட ஏகாதசி. மறுநாள் பாரணை வரை உணவும் பேச்சும் துறப்பது என் நெடுநாள் நோன்பு. எங்கள் கடல் திட்டத்துக்கு முன்குறித்த காணொளிக் கூட்டத்தை அந்நாளுக்கு மாற்றிவிட்டார்கள். ஹப்சிகுடா வீட்டிலிருந்து வாய் திறவாமலே அலுவலகம் போனேன்.

பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் மிதவைகளை விட்டு, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் திட்டம் அது. இந்தியத் தரப்பு ஒருங்கிணைப்பாளன் நான். பெரும்பணம் தரும் நாடொன்று, அளவுகள் ஓராண்டுக்குத் தனக்கு மட்டுமே என்று வரைவு கொண்டுவந்திருந்தது. எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. தலைவர் வரைவை வாசிப்பார். எவரும் மறுத்துப் பேசாவிடில் யாவரும் இசைந்ததாகக் கொள்வார்.

சிறு தீவுநாட்டின் விஞ்ஞானி ஒருவர் முன்பே என்னை அழைத்திருந்தார். அந்த அளவுகள் இன்றேல் அவர்களால் மீனவருக்குப் புயலெச்சரிக்கை தர இயலாது. கூட்டத்தின் நடுவே தம் இணைப்பு அறுந்தால் தமக்காகவும் நான் மறுக்கவேண்டும் என்றார். இசைந்தேன். நோன்பு குறுக்கிட்டதால் மறுப்பை எழுதி அனுப்பிவிட்டு, அதுவே போதுமென்று நம்பினேன்.

வரைவு வாசிக்கப்பட்டபோது தீவின் சட்டகம் திரையில் இருண்டது. எழுதியவை செல்லா, பேச்சே செல்லும் என்றார் தலைவர். அருகிலிருந்த சக அலுவலர், செகந்திராபாத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, என் பக்கம் சாய்ந்தார்.

“நீங்க சும்மா இருந்தா ஹவ்னுதான், ஆமான்னுதான் எடுத்துப்பாங்க சார். உங்க சாமி கோவிச்சுக்காது.”

என் பெருமானுக்காக அவர் உறுதி தந்தது எனக்குச் சிரிப்பூட்டியது. ஒலிவாங்கியைத் திறந்தேன்.

“இந்தியா இசையவில்லை. இணைப்பறுந்த தீவுக்காகவும் மறுக்கிறேன்.”

நிதி நின்றுபோகலாம் என்று தலைவர் இனிமையாக நினைவூட்டினார். பணத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், அளவுகள் கடலோரத்து மக்களுக்கு உரியவை என்றேன். அதன்பின் வேறிரு நாடுகளும் வாய் திறந்தன. வரைவு திரும்பப் பெறப்பட்டது. நிதி என்னவாகும் என்பது இன்றும் முடிவாகவில்லை.

வீட்டில் நான் வாய்விட்டு அழைத்ததும் மனைவி திகைத்தாள்.

“மௌனம் போச்சா? ஏன்னா, பரிகாரம் என்ன பண்றது?”

“பரிகாரமா? அடுத்த ஏகாதசிக்குக் கூட்டம் போட்டாலும் பேசுவேன்.”

உணவு நோன்பை மட்டும் நிறைவு செய்தேன். கடலில் துயில்பவன் கடலுக்காகப் பேசியவனைக் கடிந்தால், அவனிடமும் வழக்காடுவேன்.

இதை வாசிப்போர் யாவரும் புயல் தீண்டாக் கரையில் நீடு வாழ்க. மறுக்கவேண்டிய வேளையில் மறுக்கும் நா அவர்களுக்கு வாய்க்க.