ஒரு சாண் மேலே போன கோடு

எங்க ஊருக்கு நகராட்சின்னு பேரு. நகரமும் கிடையாது, ஆட்சியும் கிடையாது. கடலோரமா இருபது மைல் மணலும் காத்தும், அங்கங்க தூவி விட்டாப்ல வீடுங்க. ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேக்காது. அதனாலதான் எங்க ஆளுங்க வெளியில வந்து அடிச்சுக்குவாங்க. ஆபீஸ்ல மூணு ரூம், நாலு பேருக்கு வேலை. அந்த நாலுல ஒருத்தன் என் தம்பி, மதகுக்காரன்.

ஆறு கடல்ல சேர்ற இடத்துல ரெண்டு இரும்பு ஷட்டர் இருக்கு. மேல்பக்கம் வயல்காரங்க. மழை வந்தா, "திறடா, பயிர் முழுகுது"ன்னு வந்து நிப்பாங்க. ஷட்டருக்குப் பின்னால தேங்குற தண்ணியில இறால் பிடிக்கிறவங்க நாங்க. திறந்தா எங்க இறாலெல்லாம் கடலுக்குப் போயிடும். ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவா தூண்ல ஒரு சிவப்புக் கோடு. தண்ணி கோட்டைத் தொட்டா திறக்கணும், தொடாத வரைக்கும் கூடாது. ஷட்டரைச் சுத்துற இரும்பு ஹேண்டில் தம்பிகிட்டதான். குளிக்கப் போனாக்கூட தோள்ல போட்டுக்கிட்டுப் போவான். "கல்யாணம்தான் பண்ணிக்கல, இதுக்காவது ஒரு தாலியைக் கட்டு"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அவனைச் சாதுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு வருஷம், கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணி இருக்கும்போது வயல்காரங்க ஹேண்டிலைப் பிடுங்க வந்தாங்க. தம்பி அதாலயே ஒருத்தனோட தாடையைப் பேத்துட்டான். அன்னையிலேருந்து அந்த ஆளுக்குக் கோணவாயன்னு பேரு. அவங்க சும்மா விடுவாங்களா, தம்பியோட முன்பல்லு ரெண்டைக் கழட்டிட்டாங்க. அடுத்த வருஷம் தண்ணி கோட்டைத் தொட்டுச்சு, திறந்துட்டான். அந்தத் தடவை எங்க ஆளுங்க முறை. துடுப்பால விலாவுல போட்டாங்க. முதல் அடி போட்டது என் வீட்டுக்காரர். மூணு நாள் அவருக்கு நான் சோறு போடல. நாலாம் நாள் போட்டேன். வேற என்ன பண்றது?

தம்பிக்குக் கோபமே வரல. "மாமா என்னைத்தானே அடிச்சாரு, கோட்டை ஒண்ணும் பண்ணலையே"ன்னான். கோட்டு மேல அப்படி ஒரு கிறுக்கு அவனுக்கு.

போன வருஷம் மழைக்கு முன்னாலயே, "ஞாபகம் இருக்கட்டும்"னு சொல்லி, கோணவாயன் தம்பியோட வலது கையை வண்டிக் கதவுல வச்சு நசுக்கிட்டான். கோட்டுக்கு வருஷா வருஷம் புதுசா பெயின்ட் அடிக்கணும். கட்டுப் போட்ட கையோட எங்க வீட்டுக்கு வந்தான். "மாமா, நீங்க அடிச்சு விடுங்க. நம்ம வீட்டு ஆளு அடிச்சா எனக்கு நிம்மதி."

ஏணியைப் பிடிச்சது நான். பெயின்ட் டப்பாவும் என் கையிலதான். அவர் பழைய கோட்டைக் கம்பி பிரஷ்ஷால சுத்தமா தேய்ச்சு எடுத்தார். புதுசை ஒரு சாண் மேலே இழுத்தார்.

"என்னங்க இது?"

"ஒரு சாண்ல யாரு குடி முழுகிடப் போகுது? வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடி."

பிடிச்சேன். அந்த வருஷம் எங்க இறால் நல்லா வளர்ந்திருந்துச்சு, அதையும் சொல்லிடணும். தம்பி அப்புறமா வந்து, தூரத்துல பாலத்துல நின்னு பார்த்துட்டு, "அம்சமா இருக்கு மாமா"ன்னான்.

ஆறு நாள் விடாம மழை. ஏழாம் நாள் காலையில நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அதே நேரம் வயல்காரங்க மண்வெட்டி கடப்பாரையோட வந்தாங்க. பயிர் மொத்தமும் போச்சு. கோணவாயன் வீட்டுச் சுவர் விழுந்து அவன் அம்மாவுக்கு ரெண்டு காலும் நசுங்கிடுச்சு. தம்பி தூணைக் காட்டினான். "தொடல. இன்னும் நாலு விரல் இருக்கு, நீங்களே பாருங்க."

இறால்காரங்களோட சேர்ந்துட்டான்னு முடிவு பண்ணிட்டாங்க. மண்வெட்டிக் காம்பு முட்டியில இறங்கினதும் விழுந்தான். ஹேண்டிலை வயித்துக்கு அடியில வச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்துக்கிட்டான். நாலு விரல்னு காட்டின கையை மிதிச்சாங்க. முகத்தைத் திருப்பி வச்சுக் குத்தினாங்க. இடது கண்ணு அங்கேயே போயிடுச்சு. அப்பவும், "தொடல, தொடல"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான்.

நான் தூக்குச்சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கோடு பொய்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தியிருப்பாங்க. தொண்டை வரைக்கும் வந்துச்சு. அடுத்து என் வீட்டுக்காரரைக் கொன்னுடுவாங்கன்னு முழுங்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில தம்பி கேட்டான்: "அக்கா, நீயாவது நம்புறியா?"

அதுக்கு மேல என்னால முடியல. "கோட்டை ஒரு சாண் ஏத்திட்டாருடா. ஏணியைப் பிடிச்சதே நான்தான்."

ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்தான். கட்டுப் போட்ட கையாலயே ஓங்கி ஒரு அறை விட்டான். வலியில கத்தினது அவன்தான். கத்தி முடிச்சுட்டு, "ஆபீஸ்ல போய் சொல்லு"ன்னான்.

அங்க ரெண்டு கூட்டமும் உக்காந்து, அவனை வேலையை விட்டுத் தூக்கப் பேசிக்கிட்டிருந்தாங்க. சொன்னேன். பின்னாலேருந்து என் வீட்டுக்காரர் முடியைப் பிடிச்சு, என் முகத்தை மேஜையில மோதினார். மூக்கு உடைஞ்சுது. கோணவாயனும் அவன் ஆளுங்களும் அவரை வெளியில இழுத்துட்டுப் போனாங்க. அவர் போட்ட சத்தமெல்லாம் உள்ளே கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல.

அவர் இப்போ கம்பு ஊனி நடக்கிறார். தம்பி ஒத்தைக் கண்ணோட மதகு வேலையிலயே இருக்கான், என்கிட்ட பேசவும் பேசுறான், சாப்பாடு கொடுத்தா வாங்கிக்கிறான். போன வாரம் கோட்டுக்கு அவனே பெயின்ட் அடிச்சான். பழைய இடத்தை அளந்து, கோணலா இழுத்தான். நான் முன்கூட்டியே போய்ப் பக்கத்துலதான் நின்னேன். ஏணியைப் பிடிக்க அவன் கோணவாயனைக் கூப்பிட்டான்.