வழிமொழிந்தவர் என் மனைவி

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் பால் உற்பத்தியாளர் கம்பெனியின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னபோது, என் மனைவியைச் சேர்த்தார்கள். நாலு மாடு வளர்ப்பவள். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் கூட்டம் போனில் நடக்கும், அதுவும் அவள் பால் கறக்கும் நேரத்தில். அவள் தொழுவத்தில் இருக்க, அவள் பெயரில் நான் பேசுவேன். மற்ற இயக்குநர்களுக்கு இது தெரியும், ஊருக்குத் தெரியாது. மினிட்ஸ் மலையாளத்தில் வரும். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். நான் விரலால் காட்டும் இடத்தில், ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். இதையெல்லாம் நிர்வாகத் திறமை என்று நினைத்திருந்த மடையன் நான்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பால் நிலையத்தை மூடுவது பற்றிக் கூட்டத்தில் பேச்சு வரவிருந்தது. மூடினால் பாலை மெயின் ரோடு வரை சுமக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒற்றை மாட்டை நம்பிப் பிழைப்பவர், முழங்கால் வலிக்காரர்.

"ஏனுங்க, மூடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிப்போடுங்க. அக்கா கேனைத் தூக்கிட்டு அத்தன தூரம் எப்படிங்க நடப்பாங்க?" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் தொழுவத்துக்குப் போனாள்.

நான் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை "ஊட்டுல இப்படிச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தபோது, "அப்ப நெசமான போர்டு உங்க ஊட்டுலதான் நடக்குதுங்களா?" என்று தலைவர் கேட்க, எல்லோரும் சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டாவது இருந்தேனா, அதுவும் இல்லை. "உங்க ஊர்ச் சமாச்சாரம், மூடற தீர்மானத்த நீங்களே வழிமொழிஞ்சா நல்லாருக்குமுங்க" என்றார் தலைவர். "ஆகட்டுமுங்க" என்றேன். கூட்டத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாக அவளிடம் பொய்யும் சொன்னேன்.

புதிதாக வந்த செயலாளர் கறாரான பெண். எந்த முடிவை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, நிலையங்களில் நோட்டீஸ் ஒட்ட வைத்தார். மூடும் முடிவை வழிமொழிந்தவர் என்று அதில் என் மனைவி பெயர் இருந்ததைப் பால் அளப்பவர் அக்காவுக்கு வாசித்துச் சொல்லிவிட்டார்.

அக்கா நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். "ஏனம்மிணி, இத்தன நாளு பழகிட்டு நீயே இப்படிப் பண்ணிப்போட்டியே?"

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"என்ற கையெழுத்துதானுங்கக்கா. என்ற தப்புத்தான்" என்றாள்.

அடுத்த கூட்டத்திலிருந்து போனை அவளே வாங்கிக்கொண்டாள். பால் கறப்பது என் வேலையாயிற்று. நிலையத்தைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறாள். இன்னும் திறக்கவில்லை. அக்காவின் கேனை நான்தான் வண்டியில் கொண்டுபோகிறேன்.

நேற்றும் கேனைக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "நீங்க இருக்கறதால என்ற பொழப்பு ஓடுதுங்க தம்பி. உங்க நல்ல மனசுக்கு இப்படியொரு பொண்டாட்டி வாச்சுட்டாளே."

கேனை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.