கோரைக்குப் பக்கத்தில் ஒரு பலகை

எங்கள் வீட்டில் மண்ணுக்குள் விளைவது எதுவும் உலைக்குப் போகாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி எல்லாமே விலக்கு. சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். எனக்கோ நாக்கு நீளம். காலேஜில் படித்தபோது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு போண்டாவும் கையுமாக அண்ணனிடம் மாட்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி நீட்டி, "நல்லா கொப்புளி பாப்பா, அம்மாவுக்கு மூக்கு ஜாஸ்தி" என்றார். இன்றுவரை அவர் ஒரு கிழங்கையும் வாயில் வைத்ததில்லை. என்னைக் காட்டிக் கொடுத்ததும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில், ஆடி மாதம் ஒரு நாள் மட்டும் அம்மா வரப்புக்குப் போய் ஒரு பிடி கோரைக்கிழங்கு தோண்டி வருவாள். நகமெல்லாம் மண்ணாக, அதைக் கழுவித் தேக்கிலையில் விளக்கு முன்னால் வைப்பாள். அன்று முழுக்க அவள் பட்டினி. வீடெல்லாம் மருந்து மாதிரி ஒரு வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். சாயங்காலம் கிழங்கை எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வருவாள். எதற்கம்மா என்று கேட்டால், "பஞ்சத்துக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவள் போன பிறகு அந்த வழக்கமும் நின்றுவிட்டது. ஆடி வந்தால் எனக்கு அந்த வாசனைக்கு மனசு ஏங்கும்.

வேங்கிக்காலில் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், காலையில் நடக்கப் போகும் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினோம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு காலி இடம் கிடந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின தாது வருஷப் பஞ்சத்தில் அங்கேதான் கஞ்சித்தொட்டி வைத்து ஊற்றினார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கஞ்சி கைக்கு வருமுன் வரிசையிலேயே சரிந்தவர்களும் உண்டாம். அவர்கள் நினைவாக ஒரு தோட்டம் போடுவது என்று முடிவு செய்தோம். பூச்செடி கூடாது, பஞ்சத்தில் ஜனங்கள் எதைத் தின்று உயிர் பிடித்தார்களோ அதை மட்டும்தான் நட வேண்டும் என்று நான் அடித்துப் பேசினேன். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முன்னோர் தின்றதைக் கொண்டுவந்தார்கள். பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, கத்தாழை, சப்பாத்திக்கள்ளி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த வீட்டாரின் பெயரோடு ஒரு சின்னப் பலகை. நான் கோரை கொண்டுபோனேன். 'இதைத் தின்று பிழைத்தோம்' என்று எழுதி வைத்தேன். அம்மாவின் பட்டினிக்கு அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைப்பு. அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

ஆறு மாதம் தண்ணீர் ஊற்றினோம். தீபத்துக்கு முந்தின வாரம் உழவாரப்பணிக் குழு ஒன்று பாதையைச் சுத்தம் செய்ய வந்தது. நமச்சிவாயம் சொல்லிக்கொண்டே, தோட்டத்தில் இருந்த அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டு, வரிசையாக அரளிக் கன்று நட்டுவிட்டார்கள். நான் போனபோது குழுத் தலைவர் முகமெல்லாம் வியர்வையும் திருநீறுமாக நின்றார்.

"ஒரே புதரா இருந்துதுங்கம்மா. கிரிவலம் வர்றவங்க காலுல முள்ளு குத்தும். சுத்தமா எடுத்துட்டோம்."

"பலகை இருந்துதே, படிக்கலையா நீங்க?"

"கள்ளிச்செடிக்கு யாருங்கம்மா போர்டு வெப்பாங்க? யாரோ வெளையாட்டுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டோம்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரளியை எடுத்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து எங்கள் செடிகளுக்குக் குழி வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். திட்டினது எனக்கே வெட்கமாகப் போயிற்று.

பிடுங்கினதில் தானாகத் திரும்பி வந்தது கோரை ஒன்றுதான். பத்தே நாளில் பச்சைப் பசேல் என்று நின்றது. அதன் பலகையை நான் மறுபடி ஊன்றி வைத்தேன். மொட்டைத் தரையில் அது மட்டும் கண்ணில் பட்டதால் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் படம் எடுத்தார்கள். படம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. நம்ம ஆளுங்க கிழங்கு தின்னாங்களா என்று ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் 'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்' என்று போட்டுச் சிரிக்கும் பொம்மையும் சேர்த்திருந்தார்.

அண்ணன் போன் செய்தார். "பலகைய எடுத்துடு" என்றார்.

"உண்மையத்தானே எழுதியிருக்கேன். மானம் போயிடுச்சா உங்களுக்கு?"

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு இரண்டு மாதம் பேச்சே இல்லை. பொங்கலுக்கும் அவர் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அம்மாவுக்குப் பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அவரையும் தொலைத்துவிட்டேனோ என்று பயம் வந்தது. ஆனாலும் பலகையை எடுக்கக் கை வரவில்லை. வீம்புக்கு எங்கள் வீட்டில் யாரும் குறைச்சல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஊரிலிருந்து பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"அம்மா கடைசியா படுத்திருந்தப்போ எங்கிட்ட சொன்னா. கஞ்சித்தொட்டிக்கு நடந்து வர வழியில நம்ம வீட்டுப் பொம்பளை ஒருத்தி கோரைய தோண்டி, இடிச்சு, கூழ் காய்ச்சி ரெண்டு புள்ளைங்களுக்கு ஊட்டினா. அவ தின்னல. விரதம். அவ வாயில வெக்கவே இல்ல. இங்க வந்து சேரல அவ."

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"மானம் போகுதுன்னா நான் போன் பண்ணேன்? பத்தும் பறந்துடும்னு சிரிக்கிறானுங்க. அவகிட்ட ஒண்ணு பறக்கல பாப்பா. நீ தின்னு பொழச்சோம்னு எழுதி அவளையும் அதுல சேத்துட்டே."

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலங்க?"

"சொன்னா, அம்மா போனப்புறமும் நான் கிழங்கத் தொடாதது இதனாலதானான்னு நீ கேப்பே. அவளுக்காகன்னு சொல்லக் கூச்சமா இருந்தது."

அவரைப் பத்தாம்பசலி, கட்டுப்பெட்டி என்று நான் கேலி செய்யாத நாள் இல்லை. அம்மா போனதிலிருந்து, பார்த்தேயிராத ஒருத்திக்குத் துணையாக அவர் அந்த விரதத்தைக் காத்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் கொஞ்சம் அழுதார்.

அன்றைக்கே பலகையை மாற்றினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இதைச் சமைத்தவள் தின்னவில்லை. தின்று பிழைத்தவர்கள் நாங்கள்.'

குழி வெட்டிக்கொண்டிருந்த உழவாரப்பணிக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, இந்த முறை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"அந்தம்மா பேர் என்னாங்க? பேரையும் சேத்து எழுதிடுங்க. கும்புடறவங்க சொல்லிக் கும்புடுவாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.