செந்தூரத்துக்குப் பிறகு பிறந்தவள்

எனக்குப் பிள்ளை தங்காமலே இருந்த காலத்தில், ஊருக்குப் போயிருந்தபோது மாமனார் ஒரு சின்ன டப்பாவை என் கையில் திணித்தார். செங்கல் நிறத்தில் பொடி. "குறுமுனி எழுதி வச்ச செந்தூரம்மா. தேன்ல குழைச்சு சாப்பிடு, புளியைத் தொடாதே" என்றார்.

குறுமுனி, அதுதான் பொதிகை மலைச் சித்தர், மாமனார் வீட்டில் சாமி படங்களோடு சரிசமமாகத் தொங்குகிறவர். நானும் அவரை லேசாக நினைத்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் கொதித்தபோது, அவர் பேரைச் சொல்லி மாமனார் காய்ச்சித் தந்த நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த நம்பிக்கையில் டப்பாவை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்தேன். ஊர்த் தேனை ஏர்போர்ட்டில் விடமாட்டான். இங்கே தகனினியில், எங்கள் வீட்டுப் பக்கத்து சூப்பர்மார்க்கெட் தேனில் குழைத்து விழுங்கினேன். புளியில்லாத ரசத்தைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் கோணினார். கோணட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாள் தள்ளிப்போனது. போனில் சொன்னதும் மாமனார், "சித்தர் கைவிடுவாரா?" என்று சிரித்தார். சந்தோஷத்தில் நான் செந்தூரத்தை நிறுத்தவேயில்லை.

அப்புறம் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. வேலைக்கு மோட்டார்வேயில் போகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாயா?" என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மருந்து என்றால் ஃபார்மஸியில் வாங்குவது. இது பத்தியத்தோடு சாப்பிடுவது, கிட்டத்தட்ட பிரசாதம். ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

கண்டுபிடித்தது கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வந்த மிட்வைஃப். யாழ்ப்பாணத்துப் பெண். "அக்கா, ஊர் மருந்து ஏதும் சாப்பிடுறீங்களோ? பஸ்பம், செந்தூரம்?" என்று கேட்டாள். நான் பெருமையாக டப்பாவை எடுத்து நீட்டினேன், பாருங்கள் என் கூத்தை! அவள் முகம் மாறிவிட்டது. "இண்டைக்கே நிப்பாட்டுங்கோ அக்கா. ரத்தம் சோதிக்க வேணும்."

ரத்தத்தில் ஈயம் இருந்தது. அது எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும், பிள்ளைக்குத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து போகும்போது அதுவும் கூடவே போகும், மூளை வளர்ச்சியையும் காதையும் பாதிக்கலாம் என்றார் டாக்டர். என் எலும்பே என் பிள்ளைக்கு விஷம் ஊட்டுகிறதா?

மாமனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "சித்தர் பாகத்துல தப்பிருக்காதும்மா. செஞ்சவன் விஷம் போக ஒழுங்கா சுத்தி பண்ணியிருக்க மாட்டான்" என்றார்.

"யார் எழுதினாங்களோ, யார் அரைச்சாங்களோ! எல்லாத்துக்கும் அவர் பேரை ஒட்டிடறீங்க. அந்தப் பேரைக் கேட்டா எங்களுக்கும் கேள்வி கேக்க வாய் வரமாட்டேங்குது!"

"அது இல்லேன்னா உனக்கு இந்தப் பிள்ளையே இல்லம்மா."

போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்தி, மகனை மட்டும் கூப்பிட்டார். நான் பாலும் கால்சியம் மாத்திரையுமாகக் கிடந்தேன். பிள்ளை உதைத்தால் வலிப்போ என்று பயம், உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். வேலையிடத்தில் யாராவது குழந்தை போட்டோவைக் காட்டினால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவேன்.

பெண் பிறந்தாள். கையும் காலும் அழுகையும் எல்லாம் சரியாக இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். குறைவுதான், ஆனால் இருந்தது. "கவனித்துக்கொண்டே இருப்போம்" என்றார் டாக்டர். மற்ற அம்மாக்கள் பிள்ளையை ரசிக்கிறார்கள். நான் என் பிள்ளையை வேவு பார்த்தேன்.

அவள் கவிழ ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீடியோவில் மகனிடம் என்னைக் கூப்பிடச் சொன்னார். ஏதாவது உபதேசம் பண்ணினால் கடித்துக் குதறிவிடுவது என்றுதான் போனை வாங்கினேன். மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"அவளுக்குக் காது கேக்குதாம்மா?" என்றார். "கூப்பிட்டாத் திரும்புறாளா?"

இத்தனை மாதமும் இவர் தூங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். அவள் ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா!" என்றேன் மறுபடி. திரும்பினாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

மாமனார் தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு துண்டை விலக்கி, "இன்னொரு தடவை கூப்பிடும்மா" என்றார்.

கூப்பிட்டேன்.